இடது கையுறை

ஒரு மூலக்கூறையும் அதன் கண்ணாடி பிம்பமான இன்னொன்றையும் லேசரால் அளப்பதுதான் ஆய்வகத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை. இரண்டின் ஆற்றலிலும் மயிரிழை வித்தியாசம் இருக்க வேண்டும் என்கிறது கணக்கு. இல்லவே இல்லை என்கிறது கருவி. இந்த மாதத்தோடு ஆய்வை மூடப்போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. அவருடைய கம்பளிக் கையுறைகளைத் துவைத்து அறைக்குள்ளேயே கொடியில் போட்டிருந்தேன். மதியம் இடது காய்ந்துவிட்டது. வலது இன்னும் சொட்டியது.

"எப்பவும் இடதுதாங்க முதல்ல காயும்" என்றேன்.

"அதை ஜன்னல் பக்கமா போட்டிருப்பே."

"இடம் மாத்திப் போட்டும் பாத்துட்டேன். அப்பவும் இதேதான்."

"இத்தனை நாளா சொல்லவே இல்லையே நீ?"

"நீங்க எங்க வீட்ல இருந்தீங்க, சொல்றதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. காய்ந்த இடது கையுறையை எடுத்துப்போய் அலமாரிக் கண்ணாடி முன் பிடித்தார். கண்ணாடியில் அது வலது கையுறையாகத் தெரிந்தது. அதன் விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். அவர் காலடியில் தரை காய்ந்தே கிடந்தது. அவர் அசையாமல் நின்றார்.

கண்ணாடிக்குள் நின்றவர் மட்டும் ஈரத்தில் படாமல் காலை மெல்ல நகர்த்திக்கொண்டார்.