அழிக்காத மெஷின்

"பாங்ங்ங்!"

மூணாவது தடவையா ஹார்ன் அடிச்சதும் எனக்குப் பொறுமை போயிடுச்சு.

"யாருப்பா அது, கடை வாசல்ல நின்னுக்கிட்டு காதைக் கிழிக்கிறது?"

"என் தம்பிதான்கா. மன்னிச்சுக்குங்க" என்றார் கவுன்டருக்கு முன்னால் நின்றவர். தண்ணி கேன் போடுற பிக்கப் வண்டிக்காரர். கேன் தூக்கித் தூக்கி ரெண்டு தோள்பட்டையும் நனைஞ்சிருந்துச்சு.

எட்டிப் பார்த்தேன். தம்பிக்காரன் துரை மாதிரி முன் சீட்டுல சாஞ்சு உட்கார்ந்திருந்தான். இறங்கி வர மனசில்லை போல. சரி, நமக்கென்ன வந்துச்சு.

"சொல்லுங்க, என்ன வேணும்?"

"கோடு ரீடர் ஒண்ணு. விலை கம்மியா இருக்கணும்கா. பழைய வண்டி, வாங்கி ரெண்டு வாரம்தான் ஆச்சு. அதுக்குள்ள டாஷ்போர்டுல மஞ்சள் லைட்டு எரியுது."

கோடு ரீடர்னா ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழ செருகினா, இன்ஜின்ல என்ன கோளாறுன்னு நம்பர் காட்டுற சின்ன மெஷின். பதினஞ்சு வருஷமா உதிரிபாகக் கடை நடத்துறேன், இதைக்கூட எடுத்துத் தர மாட்டேனா? மூணு மெஷினைக் கொண்டுவந்து வெச்சேன். பெரியதைப் பார்த்ததுமே அவர் ஓரமா தள்ளிட்டார்.

"அப்போ இதை எடுத்துக்குங்க. இருக்கிறதுலயே விலை கம்மி. கோளாறையும் காட்டும், இந்தப் பட்டனை அமுக்கினா அந்த நம்பரை அழிச்சு லைட்டையும் அணைச்சிடும்."

கையில எடுத்தவர், சூடு பட்ட மாதிரி சட்டுனு கீழ வெச்சுட்டார்.

"அழிக்காதது இருக்காக்கா?"

"என்னது?"

"கோளாறைக் காட்டணும். அவ்வளவுதான். அழிக்கக் கூடாது."

"இருக்கு, பழைய சரக்கு. இதோ, இந்த மூணாவது. ஆனா விலை கூட. வசதி குறைஞ்சதுக்குப் போய் யாராவது அதிகமாக் குடுப்பாங்களா? நல்ல ஆளுப்பா நீங்க!"

"பாங்ங்ங்! அண்ணே! டீ இன்னிக்கு வருமா, நாளைக்கா?"

"இதோ வந்துட்டேன்டா!"

எனக்குச் சுருக்குனு வந்துச்சு. "கூடப்பிறந்தவரை இப்படியா விரட்டுவான்? நீங்களும் ஓடுறீங்களே! முதுகுல ரெண்டு வெச்சு இறங்குடான்னு சொல்ல வேணாமா?"

அவர் அந்த விலை கம்மி மெஷினையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"முன்னால இருந்த வண்டியில இதே மாதிரி ஒண்ணு செருகியே வெச்சிருந்தேன்கா. காலையில மஞ்சள் லைட்டு எரியும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு பட்டனை அமுக்குவேன், அணைஞ்சிடும். மூணு மாசம் இப்படியே ஓட்டினேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், தம்பி வண்டியை எடுத்துட்டுப் போனான். இறக்கத்துல இன்ஜின் நின்னுபோச்சு. பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிடுச்சு, மிதிச்சும் வண்டி நிக்கலை."

"அய்யய்யோ!"

"வண்டி நொறுங்கிப்போச்சு. அந்த மெஷினும் அதோட போச்சு. எல்லாரும் விதிங்கிறாங்க. நான்தான் காரணம்னு யாருக்கும் தெரியாது. தம்பிகிட்டச் சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன், வார்த்தை வராது." கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "என் கையைப் பத்தி எனக்குத் தெரியும்கா. பட்டன்னு ஒண்ணு இருந்தா மறுபடியும் அமுக்கிடும். அழிக்காததையே குடுங்க. நேரா மெக்கானிக்கிட்டதான் போறேன்."

பணத்தைக் குடுத்துட்டு எதிர்ப்பக்கம் டீக்கடைக்கு ஓடினார். பார்த்தா, மெஷினைக் கவுன்டர்லயே விட்டுட்டார்.

நானே எடுத்துக்கிட்டு வண்டிக்குப் போனேன். மெஷினைக் குடுக்கிற சாக்குல அந்தத் துரையை நாலு வார்த்தை கேட்டுட்டு வரணும்னுதான் போனேன். ஜன்னல் வழியா உள்ளே பார்த்தேன்.

அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. சீட்டுக்குப் பக்கத்துல ஊன்றுகோல்.

"எந்த மெஷின்கா வாங்கினார் எங்க அண்ணன்?"

"அழிக்காதது."

பெருமூச்சு விட்டான். "நல்லவேளை! ரெண்டு நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "தம்பி, அப்போ உனக்கு..."

"தெரியும்கா. கால் மாட்டிக்கிட்டுக் கிடந்தப்போ அந்த மெஷின்தான் என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு, லைட்டை அணைச்சு அணைச்சே ஓட்டியிருக்கார்னு புரிஞ்சுபோச்சு. ஆளுங்க ஓடி வர்றதுக்குள்ள பிடுங்கிப் புதர்ல வீசிட்டேன். போலீஸ் பார்த்தா அண்ணன் என்ன ஆவார்?"

"அடப்பாவி! தெரியும்னு ஒரு வார்த்தை அவர்கிட்டச் சொல்லிடக் கூடாதா?"

"சொன்னா என் முகத்துல முழிக்க முடியாம வீட்டை விட்டே போயிடுவார். எனக்குத் தெரியாதா அவரை?"

"எல்லாம் சரி. அப்புறம் ஏன்ப்பா அந்த மனுஷனை இந்த விரட்டு விரட்டுற?"

ரோட்டுக்கு அந்தப்பக்கம் அவர் ரெண்டு கையிலயும் டீயோட, சிந்தாம கடக்கிறதுக்காக நின்னுக்கிட்டு இருந்தார். தம்பி அவரையே பார்த்தான்.

"கால் போன முதல் ஆறு மாசம் நான் அவருக்கு ஒரு வேலை சொல்லலை, ஒரு கோபம் காட்டலை. தன்மையாத்தான் இருந்தேன். அண்ணன் சோத்தைத் தொடலைக்கா, பாதியா இளைச்சுட்டார். ஒருநாள் வலி தாங்காம, தண்ணி கொண்டுவர இவ்வளவு நேரமான்னு கத்திட்டேன். அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்."

சொல்லிக்கிட்டே ஸ்டீயரிங் பக்கம் கையை நீட்டினான்.

"பாங்ங்ங்!"