வேலியோரம்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் கோடை காய்ந்தால்தான் அகழாய்வுக்காரர்களான எங்களுக்கு வேலை. என்றோ தோண்டி மூடிய மண்ணில் ஈரம் தங்கும். சுற்றிலும் புல் கருகினாலும் அங்கே மட்டும் பச்சை நிற்கும். போன கோடையில் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் ரோமானியப் பாசறையின் அகழி அப்படித்தான் பச்சைக் கோடாகத் தெரிந்தது. அதன் மூலையில் சில மஞ்சள் சதுரங்களும் இருந்தன. அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்தக் கோடையில் தோண்டினோம். ஓரிரு இரவு தங்கிய படை, கிளம்பும்போது அகழியைத் தானே மூடிவிட்டுப் போயிருந்தது. கடைசி நாளில் நாங்களும் குழிகளை மூடிக் கூடாரங்களைப் பிரித்தோம். அவை நின்ற இடமெல்லாம் புல் வெளுத்து மஞ்சள் சதுரங்களாகக் கிடந்தது. போன கோடைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே சதுரங்கள், அதே கோணல் வரிசை.

கூடத் தோண்டிய இஷ்பெலிடம் காட்டினேன்.

"வெயில் உன் தலைக்கு ஏறிடுச்சு. போய் டீயக் குடி."

"வேலியோரம் இன்னொண்ணு இருக்கு பாரு. அது நம்மளோடது இல்ல."

"அப்போ ரோம்காரன் மறந்துட்டுப் போயிருப்பான்."

சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். இஷ்பெலின் வண்டி மட்டும் கிளம்பவில்லை.

"என்கூட வந்துடு," என்றேன்.

"காலைல மெக்கானிக் வர்றாரு. வண்டிய விட்டுட்டு வர மாட்டேன், நீ போ. நான் வேலிகிட்ட படுத்துக்கறேன், அங்க காத்துக்கு மறைப்பா இருக்கும்."

வேலியோரம் போய்க் கூடாரத்தை விரித்து முதல் முளையை அடித்தாள்.

நான் மறுபடி படத்தைப் பார்த்தேன். வேலியோரம் இருந்தது சதுரமில்லை. ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் அகலம். மஞ்சளும் இல்லை, பச்சை.