தவளை போட்ட பெட்டிசம்

"பெட்டிசம் போட்டது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க மிஸ். மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

தங்கராஜா கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். எதிரே உட்கார்ந்திருந்த துஷாந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண் அவள். பதுளைக் கடைகளில் குடிதண்ணீரைச் சோதித்துப் பார்க்க வந்திருந்தாள். கைபேசி அளவில் ஒரு கருவியை மேசையில் வைத்தாள். விரல் அகலத்தில் ஒரு பட்டையைக் காட்டி, "இதுல பெப்டைட் போட்டிருக்கு முதலாளி" என்றாள். சொன்னது அவ்வளவுதான்.

அது தங்கராஜாவின் காதில் பெட்டிசமாக விழுந்து தொலைத்தது.

"பேர் போடாம அதிகாரிக்கு எழுதிப் போடுறவனெல்லாம் மனுசனா மிஸ்? எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். வேற யாரு, பக்கத்துக் கடை பிரவீனனாத்தான் இருக்கும்."

பிரவீனன் அவர் மனைவியின் தம்பி. மாமனார் கட்டிய ஒரே கட்டடத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஆளுக்கொரு சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். போன மாதம் அவன் மரக்கறி ரொட்டி போட ஆரம்பித்ததும், வெலிமடை பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த லட்சணத்தில் சுகாதார அதிகாரி வந்து கடைக்கு சீல் வைத்தால் தங்கராஜாவின் கதி அதோகதிதான்.

"பெட்டிசம் இல்ல முதலாளி, பெப்டைட். தவளைத் தோல்ல இருக்கிற ஒரு பொருள். தவளை சேத்துலயே கெடந்தாலும் அதுக்கு லேசுல சீக்கு வராதுல்ல? கிருமி கிட்ட வந்தா இது புடிச்சுக்கும். புடிச்சா மெஷின்ல செவப்பு லைட்டு எரியும்."

"தவளையா?" தங்கராஜா தண்ணீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நம்மது சுத்த சைவக் கடை மிஸ்."

"நெசத் தவளை இல்லீங்க. அதப் பாத்து லேப்ல செஞ்சது. நான் சுகாதார அதிகாரியும் இல்ல. யாரும் எந்தப் பெட்டிசமும் போடல."

போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப பிரவீனன் போடலையா?"

"மொதல்ல அவர் கடைக்குத்தான் போனேன். 'அத்தான்தான் பெரியவரு, அங்க பாத்துட்டு அப்புறம் இங்க வாங்க'ன்னு அவருதான் அனுப்பி வச்சாரு."

தங்கராஜாவின் முகம் என்னவோ போலாகிவிட்டது. "நல்ல பயதான்" என்று முணுமுணுத்தார். சற்று முன் அவனைத் திட்டியதை நினைக்கவே கூச்சமாக இருந்தது.

துஷாந்தி பட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றாள். அதற்குள் அவர் அவளுக்கு இரண்டு உளுந்து வடை வைத்தார், தேத்தண்ணி ஊற்றினார், சாமி படத்தை நான்கு தடவை பார்த்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"கடைய மூடிருவாங்களா மிஸ்?"

"நான் மூட வரலீங்க, சொல்லத்தான் வந்தேன். டேங்க கழுவி குளோரின் போடுங்க. அது வரைக்கும் நல்லா கொதிக்க வச்ச தண்ணியே குடுங்க. அடுத்த கிழமை திரும்ப வந்து பாக்குறேன். டேங்க் எங்க இருக்கு?"

"கூரை மேல. மாமனார் வச்சது. ரெண்டு கடைக்கும் அது ஒண்ணுதான்."

"அப்ப அவர் கடைத் தண்ணியும் இதே கதைதான். நல்ல வேளை, அதிகாரிங்க யாரும் வந்து பாக்குறதுக்கு முன்ன தெரிஞ்சுது. பாத்திருந்தா ரெண்டு கடையையும் சேத்து மூடியிருப்பாங்க."

தங்கராஜா நடுச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மேசைக்கு மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மிஸ், பக்கத்துக் கடைத் தண்ணியில கிருமி இருக்குன்னு ஒருத்தன் பேர் போடாம எழுதி, முந்தாநாள் தபால் பெட்டியில போட்டுட்டான்னு வைங்க. அதத் திருப்பி எடுக்க ஏதாச்சும் மெஷின் இருக்கா?"