இடுப்புப் பட்டை வேண்டாம்

"இடுப்புப் பட்டை வச்ச பையே வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?"

அண்ணி போட்ட சத்தத்தில், பக்கத்து அடுக்கில் குடை பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கடைக்காரர் அசரவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பை விற்கிறவர். ஆளைப் பார்த்ததுமே என்ன பயணம் என்று சொல்லிவிடுவார். இவர்கள் பேசிக்கொண்டு நுழைந்தபோதே எடை போட்டாகிவிட்டது: அண்ணியும் நாத்தனாரும், முதல் விமானப் பயணம், உல்லாசச் சுற்றுலா, போய்ச் சேருவதற்குள் ஒரு சண்டை நிச்சயம்.

"பாரம் தோள்ல இறங்காம இடுப்புல உட்காரத்தாம்மா இந்தப் பட்டை. முதுகு வலிக்காது."

"இடுப்புல எதுவும் உட்கார வேண்டாம். வேற எடுங்க."

நாத்தனார் விடுவதாக இல்லை. நீலப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு அண்ணி. பெட்டி மாதிரி முழுசாத் திறக்குது பாருங்க."

"ஆமா, பிடிச்சிருக்குன்னுதான் கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கின. அப்புறம் அன்னைக்கு முழுக்க வெறுங்காலோட நின்ன."

"அதை இன்னும் மறக்கலையா நீங்க?"

"செத்தாலும் மறக்க மாட்டேன்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாம்பல் நிறப் பை ஒன்றை இறக்கினார். "இதுல பட்டை கிடையாது. காலிப் பை ஒரு கிலோகூட வராது. விமானத்துல தலைக்கு மேலயே வச்சுக்கலாம். எத்தனை நாள் பயணம்?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா? கையில ஏழு கிலோதானே விடுவாங்க. எப்படிப் பத்தும்?"

"உடுப்பு, சாப்பாடு, படுக்கை எல்லாம் அவங்களே குடுத்துடுவாங்க. எங்களுக்குப் பாதி நாள் படுத்துக் கிடக்கறதுதான் வேலை" என்றாள் நாத்தனார்.

கொடுத்து வைத்தவர்கள்! சேர்ந்தாற்போல் மூன்று நாள் கடையைப் பூட்டியறியாத கடைக்காரர் பெருமூச்சு விட்டார். நின்று களைத்துப்போய் நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்ததும், தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவள் ஆசையாக வாங்கிக் குடித்தாள். மூன்றாவது மடக்குக்குள் அண்ணி பாட்டிலைப் பிடுங்கிவிட்டாள்.

"போதும். காலையிலேயே குடிச்சாச்சு."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. தண்ணீருக்குக்கூடவா கணக்கு? பாவம், இந்தப் பெண் எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ.

அண்ணி அதைக் கவனிக்கவே இல்லை. பைக்குள் பழைய செய்தித்தாள்களைத் திணித்து, நாத்தனார் தோளில் மாட்டி, வாரை ஏற்றி இறக்கிச் சரிசெய்தாள். "இடது கையில உரசுதா? நட, பார்க்கலாம்."

நாத்தனார் கண்ணாடி வரை போய் வந்தாள். "உரசல. ஆனா நிறம்தான் மழை மேகம் மாதிரி இருக்கு."

"அழுக்குத் தெரியாது. இதுலயே ரெண்டு குடுங்க."

"ஒண்ணு வேற நிறத்துல தரட்டுமாம்மா? ஒரே மாதிரி இருந்தா மாறிப் போயிடும்."

"மாறினா மாறட்டும். எங்களுக்குள்ள இனிமே அவளோடது, என்னோடதுன்னு என்ன இருக்கு?" அண்ணி ரசீது போடும் இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதேம்மா. உங்க அண்ணி ரொம்பக் கறார். இவங்ககூட ரெண்டு மாசம் எப்படித்தான் இருக்கப்போறியோ!"

நாத்தனார் அண்ணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது, உதடு சிரித்தது.

"ரெண்டு மாசம் இல்லைங்க, ஆயுசு முழுக்க. கூடப்பிறந்த அண்ணனோடது எனக்குப் பொருந்தல. வர்ற வெள்ளிக்கிழமை அண்ணியோட கிட்னியத்தான் எடுத்து எனக்கு வைக்கறாங்க."