புங்கம்பூ

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துத் தட்டிக் குடிசைகளின் மேல் சாயங்கால வெயில் தூசியோடு இறங்குகிறது. தாதுக்கல் இடிக்கும் மில்லின் சத்தத்தில் அடுப்படிப் பாத்திரங்கள் மெல்ல அதிர்கின்றன. சுரங்கத்து இருட்டுக்கான மெழுகுவர்த்தியோடு ஷிப்டுக்குக் கிளம்பிய ஏசுபாதம், சென்னையிலிருந்து வந்த பத்திரிகையை வாசலில் நின்று விரித்து, அச்சேறிய தன் முதல் பாட்டை உரக்கப் படிக்கிறான். புலவர்களைப் போலவே தாமரையும் நிலவும் வைத்து அவன் எழுதியனுப்பிய வெண்பாக்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இது வேறு. சுரங்கத்துக்குள் பாறை சரிந்து செத்த ராஜப்பாவுக்கு அவன் மனைவி ரத்தினம்மா போன வருஷம் வைத்த ஒப்பாரியின் மெட்டில் எழுதியது. செத்தவனே மனைவியைக் கூப்பிடுவதாக முடித்திருக்கிறான். பக்கத்துக் குடிசை வாசலில் அரிசி புடைக்கும் ரத்தினம்மாவின் முறம், ‘புங்கம்பூவே’ என்ற சொல்லில் நின்றுவிடுகிறது.

“அந்தப் பேர யாரு சொன்னாங்க, அண்ணா?”

“யாரும் சொல்லலம்மா. கீழ சுரங்கத்துல கஞ்சி குடிக்க உக்காந்தப்ப தானா வந்தது.”

“எந்த லெவல்ல? எத்தன அடி ஆழத்துல?”

ஏசுபாதம் பத்திரிகையை மடிக்கிறான். “ராஜப்பா வேல செஞ்ச லெவல்ல.”

“கதவ சாத்தினப்பறம் மட்டும் அவரு என்னைக் கூப்பிடற பேரு அது.”

அவள் அழவில்லை. அவன் கையிலிருக்கும் மெழுகுவர்த்தியையே பார்க்கிறாள். அவள் புடவையைப் பிடித்தபடி ராஜப்பாவின் குழந்தை எழுந்து, தள்ளாடி, இரண்டடி வைக்கிறது.

“இன்னிக்கும் அங்கதானே எறங்கப் போறீங்க? புள்ள நடக்குதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க.”