நிலவறையில் நீலச் சுடர்

"இண்டைக்கும் கழட்டிப்போட்டாங்கள்!"

நிக்கலஸ் நிலவறைப் படியேறி வந்து கதவை அடித்துச் சாத்தினான். கையில் ஒரு பித்தளைப் பைப்.

மனைவி யசிந்தா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே பார்த்தாள். "உடைச்சிருக்கே?"

"உடைச்சிருந்தாலும் பரவாயில்லை. நான் ஒட்டின ஈயத்தை உருக்கி வழிச்சு, பைப்பைத் துடைச்சு, வெள்ளைத் துணியிலை சுத்தி வைச்சிருக்கு. பிரேதத்தைச் சுத்தினமாதிரி."

இரவில் கதவைத் தட்டி ஆள் பிடிக்கிற இராணுவத்துக்குப் பயந்து, யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து வந்தவர்கள். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் அது அவர்களுடைய முதல் குளிர்காலம், 1986. நத்தார்ப் பண்டிகையன்று குழந்தையின் ஞானஸ்நானம். வருகிற சனத்துக்குப் பியர் காய்ச்சவென்று, பழைய சாமான் சந்தையில் ஒரு செப்புக் கிடாரம் வாங்கினான் நிக்கலஸ். அடியில் துளைபோட்டு, பைப்பை ஒட்டி, குடியிருப்பின் பொது நிலவறையில் வைத்திருந்தான். ஊரில் ரேடியோ திருத்தியவன். அதற்குப் பாவிக்கிற ஈயக்கம்பிதான் இதற்கும்.

"கீழ்வீட்டுக் கிழவன் ஹோல்கர்தான். ஒரு நாளும் எங்களோடை கதைக்கமாட்டான். நாங்கள் இஞ்சை இருக்கிறது அவனுக்குப் பிடிக்கேல்லை."

"மனுசர் செய்த வேலை எண்டு எப்பிடித் தெரியும்? நேற்று உடுப்புத் தோய்க்கப் போனன். ஒருத்தருமில்லை. ஜன்னல் தன்பாட்டிலை திறந்து கிடக்கு. ஏதோ கருகின மணம்."

"உனக்கு விசர். பேய்க்கு ஈயம் உருக்கத் தெரியுமோ?"

சொன்னானே தவிர, மறுநாள் கீழே இறங்கும்போது கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டான். பைப்பை மறுபடி ஒட்டிவிட்டு, கொதிகலனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். பின்னேரம் நாலு மணிக்கே கும்மிருட்டு.

ஜன்னல் கிரீச்சிட்டுத் திறந்தது. குளிர் உள்ளே இறங்கியது. பிறகு ஒரு சீறல்.

அந்தரத்தில் நீலமாய் ஒரு சுடர். பின்னால் முகமில்லை, உடம்பில்லை. சுடர் மட்டும் கிடாரத்தை நோக்கி நகர்ந்தது. உருகிய ஈயம் தரையில் சொட்டியது.

நிக்கலஸ் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தான். அகப்பட்டதை இறுக்கிப் பிடித்தான்.

ஒரு கை. சில்லிட்டு, உயிரில்லாமல், மணிக்கட்டோடு தொங்கியது.

"யேசுவே!"

சீறல் நின்றது. சுவிட்ச் தட்டும் சத்தத்தோடு மின்விளக்கு எரிந்தது. இடது கையில் ஈயம் உருக்கும் வாயுச் சுடர்க்குழலோடு ஹோல்கர் நின்றார்.

அவர் வலது கையை உயர்த்திக் காட்டினார். மணிக்கட்டுக்குக் கீழே அது நிமிரவில்லை.

"காரீயம்," என்றார். அவனுக்கு விளங்கட்டும் என்று டேனிஷ் மொழியை மெதுவாகப் பேசினார். "உன் கம்பியில் பாதி காரீயம், நஞ்சு. பியர் புளிப்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். இப்படி ஒட்டிய பானையில்தான் நான் வருடக்கணக்காகக் குடித்தேன்."

சுடர்க்குழலைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு புதுக் கம்பிச் சுருளை எடுத்து நீட்டினார்.

"வெள்ளீயமும் கொஞ்சம் வெள்ளியும். காரீயம் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்து ஒட்டு. புகையை உள்ளே இழுக்காதே."

நிக்கலஸ் வாங்கிக்கொண்டான். பால் சுரக்க நல்லதாம் என்று வேலைசெய்யும் தொழிற்சாலையில் யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் கிளாஸை யசிந்தாவுக்குத்தான் கொடுப்பதாக இருந்தான். வெட்கத்தில் குரல் உயர்ந்தது.

"இதை எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாமே? ஏன் இப்படிக் கள்ளன் மாதிரி?"

ஹோல்கர் அவனைப் புரியாமல் பார்த்தார்.

"எத்தனையோ தடவை வந்தேனே. நான் கதவைத் தட்டுவேன். உடனே உள்ளே விளக்கு அணையும். அழுதுகொண்டிருந்த குழந்தைகூட மூச்சுக் காட்டாது."