விரிப்புக்கு அப்பால் ஒரு வசவு

செங்கம் சாலை விடுதியின் மொட்டைமாடியில் மாலை வெயில் ஈரப் படுக்கைவிரிப்பை ஊடுருவி மஞ்சளாக நிற்கிறது. விரிப்புக்கு இந்தப் பக்கம் சிந்துஜா, அந்தப் பக்கம் ஆர்த்தி. ஒரே அறையில் தங்கி இதே விடுதியில் வேலை பார்க்கும் இரு தோழியருக்கும் நடுவே சில நாட்களாக மரியாதை குடியேறியிருக்கிறது. தனக்குத் திருமணம் நிச்சயமானதைச் சிந்துஜா சொல்லவில்லை. வாட்ஸப் ஸ்டேட்டஸில்தான் ஆர்த்தி அதைப் பார்த்தாள். அன்று முதல் அவள் வாயில் ‘லூசு’ இல்லை, ‘சீன் போடாத’ இல்லை. “கிளிப்பு வேணுங்களா?” என்கிறது விரிப்புக்கு அப்பாலிருந்து அவள் குரல். “குடுங்க” என்று விரிப்புக்கு அடியில் கையை நீட்டுகிறாள் சிந்துஜா. அப்போது தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதிக்கும் குரங்கு ஒன்று விரிப்பின் நுனியைப் பற்றி இழுக்கிறது. கிளிப்புகள் தெறித்து விழுகின்றன. மறைப்பு விலகிய வெளியில் மலையும் ஆர்த்தியின் முகமும் ஒருங்கே தோன்ற, சிந்துஜா அசையாமல் நிற்கிறாள். ஆர்த்தி கத்துகிறாள்: “அடியே லூசு, என்ன வாயப் பொளந்துட்டு நிக்கற? புடிச்சு இழுடி.” இருவரும் சேர்ந்து இழுக்கிறார்கள். குரங்கு சலிப்புடன் பிடியை விட, விரிப்போடு மல்லாந்து விழுகிறார்கள். ஈரத் துணி முகங்களின்மேல் குளிர்ச்சியாகப் படிகிறது. அதனடியில் ஆர்த்தி மெல்லக் கேட்கிறாள்: “மாப்ள எப்டி?” “கொஞ்சம் மொக்கதான்.” “உன் மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி, லூசு.” சிந்துஜா துணியை விலக்காமல் நீண்ட மூச்சு விடுகிறாள். “இன்னொரு வாட்டி திட்டுடி.”